உறையிலிட்ட வாள்: இரைப்பை தன்னைத் தானே செரித்துக்கொள்ளாதது ஏன்?

ஆட்டுக்குடல் குழம்பை விரும்பி உண்போர் நம்மில் பலர். ஆட்டின் இரைப்பையும் குடலும் கழுவப்பட்டு, வேகவைக்கப்பட்டு நம் இலைக்கு வருகின்றன. உண்ட சில மணி நேரத்தில் நம் இரைப்பை அவற்றைக் கரைத்துக் கூழாக்கிவிடுகிறது. ஆட்டின் இரைப்பை தசையாலும் புரதத்தாலும் ஆனது. நம் இரைப்பையும் அவ்வாறே. அப்படியிருக்க, ஆட்டின் இரைப்பையைக் கரைக்கின்ற செரிமான நீர், தன்னைத் தாங்கி நிற்கும் நம் இரைப்பையை ஏன் கரைப்பதில்லை?

இக்கேள்வியை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிட இயலாது. இரைப்பைப் புண், உணவுக்குழாயில் அமிலம் மேலேறுதல், கணைய அழற்சி ஆகிய மூன்று நோய்களும் இக்கேள்வியோடு தொடர்புடையவை. "இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்குங்கள்", "வலி மாத்திரையை நீங்களாக வாங்கி உட்கொள்ளாதீர்கள்", "இக்குளிகையை மெல்லாதீர்கள்" என்று மருத்துவர்கள் கூறும் அறிவுரைகளுக்கான காரணமும் இதன் விடையில் அடங்கியுள்ளது.

விடையைச் சுருக்கமாகக் கூறலாம். புரதத்தைச் செரிக்கும் நொதியை, செரிக்கும் வடிவிலேயே உயிரினங்கள் உருவாக்குவதில்லை. வாளை உறையிலிட்டே உருவாக்கி, உறையிலிட்டே சேமித்து, உரிய இடத்தை அடைந்த பின்னரே உறையைக் கழற்றுகின்றன. உறையிலிட்ட அந்நிலையை நொதியின் முன்வடிவம் என்கிறோம். மீன், தவளை, கோழி, பாம்பு, பசு, மனிதன் என உயிரினங்கள் வேறுபட்டாலும் இந்த ஏற்பாடு பெரும்பாலும் மாறுவதில்லை.

பருந்தின் வயிற்றில் தொடங்கிய ஆய்வு

இரைப்பையில் உணவு என்ன ஆகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. அங்கே உணவு அரைபடுகிறது என்றனர் சிலர். அழுகுகிறது என்றனர் வேறு சிலர். பிரான்சு நாட்டு அறிஞர் ரியோமூர், 1752ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை தேடினார். இரையின் எலும்பு, இறகு முதலிய செரிக்காத பொருள்களைப் பருந்து வாய்வழியே கக்கிவிடும். இவ்வியல்பை அவர் பயன்படுத்திக்கொண்டார். சிறிய உலோகக் குழாய்க்குள் இறைச்சித் துண்டை வைத்துப் பருந்தை விழுங்கச் செய்தார். பருந்து கக்கிய குழாயைத் திறந்து பார்த்தபோது இறைச்சி கரைந்திருந்தது. அழுகல் நாற்றம் இல்லை. உலோகக் குழாய்க்குள் இருந்த இறைச்சியை வயிற்றுத் தசை அரைத்திருக்க இயலாது. ஆகவே, இரைப்பையில் சுரக்கும் நீரே அதைக் கரைத்தது என்பது தெளிவாயிற்று.

இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி இவ்வாய்வைப் பல விலங்குகளில் தொடர்ந்தார். உணவை வைத்துத் தைத்த சிறு துணிப்பைகளைத் தாமே விழுங்கியும் சோதித்தார். இரைப்பை நீரில் உள்ள அமிலம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் பிரவுட் 1824ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆனால் அமிலம் மட்டும் இறைச்சியை அவ்வளவு விரைவாகக் கரைப்பதில்லை. அமிலத்தோடு வேறொரு பொருளும் செயல்படுகிறது என்பதை 1836ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஷ்வான் கண்டறிந்தார். செரித்தல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெப்சின் என்று பெயரிட்டார்.

அடுத்த புதிர், பெப்சின் எங்கிருந்து வருகிறது என்பதாகும். லாங்லி, எட்கின்ஸ் என்னும் இரண்டு ஆங்கிலேய அறிஞர்கள் 1886ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டனர். சோடியம் கார்பனேட் கலந்த காரநீர் பெப்சினை விரைவில் அழித்துவிடும். ஆனால் இரைப்பைச் சுவரின் சுரப்பிகளிலிருந்து எடுத்த சாறு அக்காரத்தைப் பெருமளவு தாங்கி நின்றது. பின்னர் அமிலம் சேர்த்தபோது அச்சாறு செரிக்கும் ஆற்றல் பெற்றது. சுரப்பியில் இருப்பது பெப்சின் அன்று, அமிலம் பட்டால் பெப்சினாக மாறும் வேறொரு பொருள் என்பது இதனால் உறுதியாயிற்று. அப்பொருளே பெப்சினோஜன்.

பெப்சினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்த அமெரிக்க அறிஞர் ஜான் நார்த்ரப், 1946ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவர். பன்றியின் பெப்சினோஜனும் 1938ஆம் ஆண்டில் படிகமாகப் பெறப்பட்டது.

உறை எவ்வாறு கழல்கிறது?

புரதம் என்பது அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலையைப் போன்றது. பெப்சினோஜன், ஏறத்தாழ 370 மணிகள் கொண்ட மாலை. அதன் தொடக்கத்தில் உள்ள நாற்பத்துச் சில மணிகளே உறையாகும். நொதியின் நடுவே பள்ளம் போன்ற வெட்டுமிடம் ஒன்று உண்டு. இரண்டு அஸ்பார்டிக் அமில மணிகள் அங்கே கத்தியின் கூர்முனையாக அமைந்துள்ளன. உறைப்பகுதி அப்பள்ளத்தின்மேல் படிந்து அதை மூடிக்கொண்டிருக்கிறது.

உறை ஏன் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது? அதில் நேர்மின்னூட்டம் கொண்ட மணிகள் மிகுதி. நொதிப்பகுதியில் எதிர்மின்னூட்டம் மிகுதி. ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவை பிணைந்து நிற்கின்றன. அமிலம் மிகுந்த சூழலில் எதிர்மின்னூட்டம் மறைந்துவிடுகிறது. ஈர்ப்பு தளர்கிறது, உறை விலகுகிறது, பள்ளம் திறக்கிறது. திறந்த நொதி முதலில் தன் உறையையே வெட்டி எறிகிறது. பின்னர் அருகில் உள்ள பிற பெப்சினோஜன்களின் உறைகளையும் வெட்டிவிடுகிறது. எனவே, தொடக்கத்தில் சிறிதளவு பெப்சின் தோன்றினாலே போதும். எஞ்சியவை விரைவில் விழித்துக்கொள்ளும்.

அமிலத்தின் கடுமையைப் பி.எச். என்னும் அளவால் குறிக்கிறோம். 7 என்பது நடுநிலை. எண் ஒன்று குறையும்போது அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். நம் குருதியின் பி.எச். ஏறத்தாழ 7.4. வெறும் வயிற்றில் இரைப்பை நீரின் பி.எச். 1 முதல் 2 வரை இருக்கும். அதாவது, குருதியைவிட இரைப்பை நீர் சில இலட்சம் மடங்கு அமிலத்தன்மை கொண்டது. பெப்சினோஜனின் உறை பி.எச். 5க்குக் கீழே தளரத் தொடங்குகிறது. பெப்சின் முழு வேகத்தில் செயல்படுவது 2க்கு அருகில். உணவு முன்சிறுகுடலுக்குள் இறங்கியதும், கணையத்திலிருந்து வரும் பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது. பெப்சினின் வேலை அத்துடன் முடிவடைகிறது. ஆக, இந்த வாளை உருவுவதற்கு ஓர் இடமும் மழுங்கச் செய்வதற்கு ஓர் இடமும் உடலிலேயே வகுக்கப்பட்டுள்ளன.

உருவிய வாள் இரைப்பைச் சுவரைத் தாக்காமல் இருக்க மேலும் சில காவல்கள் உண்டு. சுவரின் மேல் வழவழப்பான சளிப்படலம் பரவியுள்ளது. அப்படலத்திற்குள் பைகார்பனேட் கலந்திருப்பதால், சுவரை ஒட்டிய பகுதியில் அமிலம் முறிந்துவிடுகிறது. மேற்பரப்புச் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. இடைவிடாத குருதியோட்டம் இவையனைத்தையும் பேணுகிறது.

தவளை, கோழி, மலைப்பாம்பு

மனிதனின் இரைப்பைச் சுரப்பிகளில் இரண்டு வகைச் செல்கள் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒருவகைச் செல் அமிலத்தைச் சுரக்கிறது. மற்றொரு வகை பெப்சினோஜனைச் சுரக்கிறது. பாலூட்டிகளில் பொதுவாக இவ்வமைப்பே காணப்படுகிறது. மீன், ஊர்வன, பறவைகளில் ஒரே செல் இரண்டையும் சுரக்கிறது. அச்செல் எவ்வாறு தப்பிக்கிறது? பெப்சினோஜன் செல்லுக்குள் சிறு பைகளில் அடைபட்டிருக்கிறது. அமிலமோ செல்லுக்கு வெளியே உந்தித் தள்ளப்படுகிறது. இரண்டும் வெளியே வந்த பின்னரே சந்திக்கின்றன.

தவளையில் இப்பிரிவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஐரோப்பியத் தவளை இனங்களில் பெப்சினோஜனின் பெரும்பகுதி உணவுக்குழாயின் சுரப்பிகளில் உருவாகிறது. அமிலம் இரைப்பையில் உருவாகிறது. வாள் ஓர் அறையிலும் அதை உருவும் கை மற்றோர் அறையிலும் இருக்கின்றன. விழுங்கப்பட்ட பூச்சியோடு பெப்சினோஜன் கீழிறங்கி அமிலத்தைச் சேரும்போதே செரிமானம் தொடங்குகிறது.

கோழியை அறுத்துத் தூய்மை செய்தவர்கள், மணலும் சிறு கற்களும் நிறைந்த தடித்த தசைப்பை ஒன்றைக் கண்டிருப்பர். அது அரைக்கும் வயிறு. அதற்கு முன்னால் மென்மையான சுரக்கும் வயிறு ஒன்று உண்டு. அமிலமும் பெப்சினோஜனும் அங்கே சுரந்து தானியத்தோடு கலக்கின்றன. பல்லில்லாத கோழி, அக்கலவையை அடுத்த பையில் கற்களைக் கொண்டு அரைத்துக்கொள்கிறது.

பர்மிய மலைப்பாம்பு இரையின்றி வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் இருக்கும். அக்காலத்தில் அதன் இரைப்பையின் பி.எச். நடுநிலையை ஒட்டியே இருக்கும். இரையை விழுங்கியதும் அமிலம் சுரக்கத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு நாளில் பி.எச். 2 அளவுக்கு இறங்கிவிடும். இரை செரித்து முடிந்ததும் அமிலச் சுரப்பு மீண்டும் அடங்கும். மனித இரைப்பை அவ்வாறு ஓய்வதில்லை. வெறும் வயிற்றிலும் அமிலம் இருந்துகொண்டே இருக்கிறது. எனவே, நம் இரைப்பைச் சுவரின் காவலும் இரவும் பகலும் விழித்திருக்க வேண்டியுள்ளது. அக்காவலைக் குலைக்கும் மருந்துகளும் கிருமிகளும் நமக்கு மிகுந்த தீங்கு விளைவிப்பதன் காரணம் இதுவே.

கன்றின் வயிறும் மழலையின் வயிறும்

பசுவின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் மூன்று அறைகளில் அமிலமும் பெப்சினும் சுரப்பதில்லை. அங்கே நுண்ணுயிரிகளே புல்லைச் சிதைக்கின்றன. நான்காம் அறையே நம் இரைப்பையைப் போன்றது. பால்குடிக் கன்றில் இவ்வறை கைமோசின் என்னும் நொதியின் முன்வடிவத்தைச் சுரக்கிறது. அமிலம் பட்டதும் அதுவும் உறை கழன்று கைமோசின் ஆகிறது. பழைய நூல்கள் இதை ரென்னின் என்று குறிப்பிடும். சிறுநீரகத்தில் சுரந்து குருதியழுத்தத்தோடு தொடர்புடைய ரெனின் வேறு, இது வேறு.

கைமோசின் பாலைத் திரையச் செய்கிறது. வீட்டில் உறைமோர் ஊற்றிப் பாலைத் தயிராக்கும்போது, நுண்ணுயிரிகள் உண்டாக்கும் அமிலமே பாலை உறையச் செய்கிறது. கைமோசின் செய்வது வேறு வேலை. பாலின் கேசீன் புரதத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் ஒரு புரதத்தில், குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் அது வெட்டுகிறது. காவல் நீங்கியதும் துகள்கள் திரண்டு கட்டியாகின்றன. நீராகவே இருந்தால் விரைவில் குடலுக்கு வழிந்துவிடும் பால், கட்டியானதால் வயிற்றில் தங்கி மெல்ல மெல்லச் செரிக்கிறது.

பாலாடைக்கட்டி செய்வோர் நெடுங்காலமாகக் கன்றின் இவ்வயிற்றுச் சாற்றையே பயன்படுத்தினர். கன்றின் கைமோசின் மரபணுவை நுண்ணுயிரியில் பொருத்தி உருவாக்கிய கைமோசினுக்கு அமெரிக்கா 1990ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. நம் நாட்டில் சைவ உணவினர் பாலாடைக்கட்டி வாங்கும்போது உறையின்மீது பச்சைப் புள்ளி உள்ளதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கைமோசினுக்கு மற்றுமொரு சிறப்பு உண்டு. பாலைத் திரையச் செய்வதில் வல்லதாயினும், பிற புரதங்களை வெட்டுவதில் அது பெப்சினைவிட மிகவும் மென்மையானது. பசு, ஆடு, பன்றி ஆகியவற்றின் குட்டிகளுக்குக் கருப்பையில் இருக்கும்போது தாயின் நோயெதிர்ப்புப் புரதங்கள் கிடைப்பதில்லை. பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலில்தான் அவை கிடைக்கின்றன. அப்புரதங்களைச் சிதைக்காமல் குடலுக்கு அனுப்புவதற்கு மென்மையான நொதி ஏற்றது என்று டென்மார்க் அறிஞர் ஃபோல்ட்மன் விளக்கினார். கன்று வளர்ந்து புல் மேயத் தொடங்கும்போது கைமோசின் குறைந்து பெப்சின் மிகுகிறது.

மனிதக் குழந்தைக்கும் இந்நொதி உண்டு என்று பலர் பள்ளியில் படித்திருப்பர். மனிதரின் மரபுப்பொருளில் கைமோசினுக்குரிய மரபணு சிதைந்த நிலையில் மட்டுமே எஞ்சியுள்ளது. அதிலிருந்து நொதி உருவாவதில்லை. மனிதக் குழந்தை கருப்பையில் இருக்கும்போதே தாயின் குருதியிலிருந்து ஒருவகை நோயெதிர்ப்புப் புரதத்தைப் பெற்றுவிடுகிறது. குடலின் மேற்பரப்பைக் காக்கும் மற்றொரு வகை தாய்ப்பாலில், குறிப்பாகச் சீம்பாலில், கிடைக்கிறது. பிறந்த குழந்தையின் இரைப்பையில் அமிலமும் பெப்சினும் குறைவாக இருப்பதால் அப்புரதம் பெருமளவு சிதையாமல் குடலை அடைகிறது. ஆகவே, தாயின் முதல் மஞ்சள் நிறப் பாலைப் பீய்ச்சி எறிவது குழந்தைக்குரிய காவலை எறிவதற்கு ஒப்பாகும்.

பால் குடித்த குழந்தை சற்று நேரத்திற்குப் பின் கக்கும் பால் திரிந்திருப்பதைக் கண்டு பெற்றோர் அஞ்சுவதுண்டு. இரைப்பையின் அமிலமும் பெப்சினும் பாலைத் திரையச் செய்வது இயல்பே. குழந்தை நன்கு பால் குடித்து எடை கூடிவந்தால் இதற்குக் கவலை வேண்டா. வாந்தி பச்சை நிறமாகவோ குருதி கலந்தோ வந்தாலும், ஒவ்வொரு முறையும் பீறிட்டு வந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரைப்பை இல்லாமலும் வாழ இயலும்

நம் குளங்களிலும் ஏரிகளிலும் வளரும் கெண்டை, ரோகு, கட்லா ஆகிய மீன்களுக்கு இரைப்பையே இல்லை. உணவுக்குழாய் நேரே குடலில் திறக்கிறது. அமிலமும் இல்லை, பெப்சினும் இல்லை. இரைப்பையற்ற வேறு சில மீன்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, அமிலத்தை உந்தும் புரதத்திற்கும் பெப்சினோஜனுக்கும் உரிய மரபணுக்கள் மறைந்துவிட்டமை தெரியவந்தது. ஆஸ்திரேலியாவின் முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸின் இரைப்பையும் இவ்வாறே அமிலத்தையும் பெப்சினையும் இழந்துவிட்டது.

இவ்விலங்குகள் புரதத்தை எவ்வாறு செரிக்கின்றன? கணையமும் குடலும் அப்பணியை ஏற்றுக்கொள்கின்றன. புற்றுநோய் முதலிய காரணங்களால் இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டவர்களுக்கு இச்செய்தி ஆறுதல் தரும். அவர்களுடைய கணைய நொதிகளும் புரதத்தைச் செரிக்கின்றன. ஆனால் உணவைத் தேக்கி வைக்கும் பை இல்லாததால், சிறிது சிறிதாகப் பலமுறை உண்ண வேண்டும். வைட்டமின் பி12ஐ உடல் ஏற்பதற்குத் தேவையான ஒரு புரதம் இரைப்பையில்தான் சுரக்கிறது. எனவே, அவ்வைட்டமினை ஊசி வாயிலாகவோ மருத்துவர் கூறும் வேறு வடிவிலோ வாழ்நாள் முழுதும் எடுத்துக்கொள்ள வேண்டும். உடல் நன்றாக இருக்கிறது என்று எண்ணி இதை நிறுத்திவிடலாகாது.

கணையம்: வாள்களின் கிடங்கு

கணையம் புரதம் செரிக்கும் நொதிகள் பலவற்றைச் சுரக்கிறது. அவை அனைத்தும் உறையிலிட்டே வெளிவருகின்றன. அவற்றுள் தலைமையானது டிரிப்சினோஜன். புதிதாக எடுத்த கணையத்தின் சாறு புரதத்தைச் செரிப்பதில்லை என்பதையும், சற்று நேரம் வைத்திருந்தால் அவ்வாற்றல் அதில் தோன்றுகிறது என்பதையும் 1875ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹைடன்ஹைன் எடுத்துக்காட்டினார். நொதியின் முன்வடிவம் என்னும் கருத்து இவ்வாய்விலிருந்தே வளர்ந்தது.

டிரிப்சினோஜனின் உறை மிகச் சிறியது. பசுவில் ஆறு மணிகள். மனிதனில் எட்டு மணிகள். அமிலம் இதைத் திறப்பதில்லை. முன்சிறுகுடலின் சுவரில் உள்ள என்டிரோகைனேஸ் என்னும் நொதியே இதற்குரிய திறவுகோல். ரஷ்ய அறிஞர் பாவ்லவின் ஆய்வுக்கூடத்தில் 1899ஆம் ஆண்டில் இது கண்டறியப்பட்டது. திறவுகோல் கணையத்தில் இல்லை, குடலில் இருக்கிறது என்பதே இவ்வேற்பாட்டின் சிறப்பு. டிரிப்சின் விழித்ததும் எஞ்சிய முன்வடிவங்களின் உறைகளைத் தானே கழற்றிவிடுகிறது. தவறுதலாகக் கணையத்திற்குள்ளேயே சிறிதளவு டிரிப்சின் தோன்றினால், அதைப் பிடித்து முடக்கும் காவல் புரதம் ஒன்றும் அங்கே உண்டு.

மாவுப்பொருளைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கு இத்தகைய உறை இல்லை. நம் செல்கள் மாவுப்பொருளால் ஆனவை அல்ல. ஆகவே, அந்த நொதியால் நமக்கு ஆபத்தும் இல்லை. எங்கே ஆபத்து உண்டோ அங்கேதான் உறை உண்டு.

உறை கழலக் கூடாத இடத்தில் கழன்றால்

கணைய அழற்சி. டிரிப்சினோஜன் கணையத்திற்குள்ளேயே விழித்துக்கொண்டால் கணையம் தன்னைத் தானே செரிக்கத் தொடங்கும். இக்கருத்தை 1896ஆம் ஆண்டிலேயே ஹான்ஸ் கியாரி என்னும் அறிஞர் முன்வைத்தார். டிரிப்சினோஜனின் மரபணுவில் நேரும் ஒரு மாற்றம் சில குடும்பங்களில் பரம்பரையாகக் கணைய அழற்சியை உண்டாக்குகிறது என்று 1996ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டபோது அக்கருத்து வலுப்பெற்றது. ஆனால் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதற்குக் காரணம் மரபணு அன்று. பித்தப்பைக் கற்களும் மதுவுமே முதன்மையான காரணங்கள். மேல்வயிற்றில் தாங்கமுடியாத வலி தோன்றி முதுகு வரை பரவுதல், தொடர்ந்த வாந்தி ஆகியன இதன் அறிகுறிகள். இவ்வலியை வாயுத்தொல்லை என்று கருதி வீட்டிலேயே காலம் கடத்துவது உயிருக்கு ஆபத்தாகலாம்.

இரைப்பைப் புண். இங்கே வாள் உரிய இடத்தில்தான் உருவப்படுகிறது. கேடு காவலில் நேர்கிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி சளிப்படலத்திற்குள் குடியேறி அழற்சியை உண்டாக்குகிறது. ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வாரன், மார்ஷல் இருவரும் இதைக் கண்டறிந்து 2005ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர். மற்றொரு காரணம் வலி மாத்திரைகள். இபுபுரூஃபன், டைக்லோஃபினாக், ஆஸ்பிரின் முதலியவை, சளியும் பைகார்பனேட்டும் சுரக்கத் தூண்டும் பொருளை உடலில் குறைத்துவிடுகின்றன. மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்ளும் முதியோர் பலருக்கு, முன்னறிவிப்பின்றிப் புண் தோன்றிக் குருதி கசியக் கூடும். உணவுக்குப் பின் உட்கொண்டாலும் இவ்வாபத்து முற்றிலும் நீங்குவதில்லை. இதயநோய்க்காக மருத்துவர் ஆஸ்பிரின் அளித்திருந்தால், அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. கலந்து பேசியே முடிவு செய்ய வேண்டும்.

மேலேறும் அமிலம். உணவுக்குழாய்க்கும் தொண்டைக்கும் இரைப்பையின் காவல்கள் கிடையா. அமிலத்தோடு பெப்சினும் மேலேறி அங்கே படியும். அமிலம் குறைந்ததும் பெப்சின் செயலற்றிருக்கும். ஆனால் உடனே அழிந்துவிடாது. மீண்டும் அமிலம் வந்தால் மீண்டும் செயல்படும். இரவு உணவுக்கும் உறக்கத்திற்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடுதல், படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துதல், உடல் எடையைக் குறைத்தல் ஆகியவை பலருக்கு நல்ல பயன் தரும்.

மாத்திரையும் ஒரு முன்வடிவமே

ஓமெப்ரசோல், பேன்டோப்ரசோல் முதலிய மாத்திரைகளை அறியாதோர் குறைவு. இவை அமிலம் சுரக்கும் செல்லின் உந்துபுரதத்தை முடக்குகின்றன. வியப்புக்குரிய செய்தி யாதெனில், இம்மருந்துகளும் பெப்சினோஜனைப் போலச் செயலற்ற வடிவிலேயே உடலுக்குள் செல்கின்றன. குடலில் உறிஞ்சப்பட்டு, குருதி வழியே அமிலம் சுரக்கும் செல்லை அடைந்து, அங்குள்ள அமிலத்தால்தான் செயல்வடிவம் பெறுகின்றன.

இதை அறிந்தால் மருத்துவரின் அறிவுரைகள் விளங்கும். மருந்து இரைப்பையின் அமிலத்தில் முன்கூட்டியே சிதையாமல் இருக்க அதற்கு மேலுறை இடப்பட்டுள்ளது. எனவே, இம்மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. உணவு உண்ணும்போதுதான் உந்துபுரதங்கள் மிகுதியாக இயங்கும். அந்நேரத்தில் மருந்து குருதியில் இருக்க வேண்டுமாதலால், காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் விழுங்க வேண்டும். உண்டபின் நினைவு வந்து விழுங்கும் மாத்திரையின் பயன் குறைவு. மருத்துவர் குறித்த காலத்திற்கு மேல் ஆண்டுக்கணக்கில் தொடர்வதும் தகாது. நெடுநாள் உட்கொண்டதைத் திடீரென நிறுத்தினால் அமிலம் மிகுந்து சுரக்கக் கூடும். இரண்டிற்கும் மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.

நாட்பட்ட கணைய அழற்சியால் நொதிகள் குறைந்தவர்களுக்குக் கணைய நொதிக் குளிகைகள் அளிக்கப்படுகின்றன. இவற்றை உணவோடு சேர்த்து விழுங்க வேண்டும். உள்ளிருக்கும் மணிகளை மெல்லலாகாது. இவை பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து பெறப்படுபவை. சமயம் அல்லது உணவு நெறி காரணமாக இதில் தயக்கம் உள்ளவர்கள், குளிகையை மறைவாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுவது நலம்.

பெப்சினோஜனில் ஒரு சிறு பகுதி குருதியிலும் கலக்கிறது. அதை அளந்தால் இரைப்பைச் சுவரின் நிலையை ஓரளவு அறியலாம். பெப்சினோஜன் 1, பெப்சினோஜன் 2 என்னும் இரண்டு வகைகளை இச்சோதனையில் அளப்பர். முதல்வகையின் அளவும், இரண்டாம் வகையோடு அதன் விகிதமும் குறைந்திருந்தால், சுரப்பிகள் நலிந்துள்ளன என்று கருத இடமுண்டு. அத்தகையோருக்கு இரைப்பைப் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதி. ஜப்பானில் இச்சோதனை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. இது புற்றுநோயை உறுதி செய்யும் சோதனை அன்று. யாருக்கு எண்டோஸ்கோப்பி தேவை என்பதைத் தீர்மானிக்க உதவும் குறிப்பேயாகும்.

காலம் தாழ்த்தக் கூடாத அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

மலம் தார் போலக் கருத்து ஒட்டும் தன்மையுடன் வெளியேறுதல். இரும்புச்சத்து மாத்திரை உண்போருக்கும் மலம் கருக்கும் என்றாலும், ஐயம் இருந்தால் காட்டிவிடுவதே நன்று.

வாந்தியில் குருதி அல்லது காப்பித்தூள் போன்ற பொருள் காணப்படுதல்.

மேல்வயிற்றில் திடீரெனக் கடும் வலி தோன்றுதல், அல்லது வலி முதுகு வரை பரவுதல்.

இவையன்றி, விழுங்குவதில் தடை, காரணமின்றி எடை குறைதல், குருதிச்சோகை ஆகியன தோன்றினாலும் சில நாள்களுக்குள் மருத்துவரைக் காண வேண்டும். மேல்வயிற்று வலியோடு மார்பில் இறுக்கமோ வியர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால், அது இதயநோயாகவும் இருக்கலாம் என்பதை மறத்தலாகாது.

நம் இரைப்பை நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு லிட்டர் செரிமான நீரைச் சுரந்து, இறைச்சியையும் பருப்பையும் கரைத்து, தான் மட்டும் கரையாமல் நிற்கிறது. இதற்கு வேண்டிய உறையையும் காவலையும் இயற்கை அமைத்துக் கொடுத்துள்ளது. தேவையற்ற வலி மாத்திரையைத் தவிர்ப்பது, மதுவை விலக்குவது, கிருமி இருப்பது தெரிந்தால் மருந்தை முழுமையாக உட்கொண்டு முடிப்பது ஆகிய மூன்றும் அக்காவல் குலையாமல் காக்க நாம் செய்யக்கூடியவை.